அடித்தல் திருத்தல் இல்லாமல்

வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, ஒரு தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ள எனக்கு ஒரு துண்டுத் தாள் தேவைப்பட்டது. மேஜைமேல் இருந்தவை எல்லாம் என் கையெழுத்துக்காக வந்த அறிக்கைகள். அவற்றில் கிறுக்க முடியாது. எனக்கும் எதிர் மேஜை முத்தக்காவுக்கும் நடுவில் இருக்கிற குப்பைக்கூடை, பெருக்குகிற அம்மா இரண்டு நாளாக வராததால், வாய்வரை நிரம்பிக் கிடந்தது. கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து, பின்பக்கம் எண்ணை எழுதி, போனை வைத்தேன். கைப்பைக்குள் போடப் போகும்போதுதான் முன்பக்கத்தைப் பார்த்தேன். பென்சில் எழுத்து. பெண்கள் விடுதி, மேல்நிலைத் தொட்டி. தட்டு ஒன்று, 0. தட்டு இரண்டு, 31. அதே விடுதிக்கு செவ்வாய்க்கிழமை மாலை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறிக்கை எனக்கு நன்றாக நினைவிருந்தது. தட்டு ஒன்று, 0. தட்டு இரண்டு, 0. குடிக்க உகந்தது. கீழே என் பெயர், பெயருக்குப் பின்னால் என் வெளிநாட்டுப் பட்டம், அதற்கும் கீழே முத்திரை.

நாங்கள் தண்ணீரைச் சோதிக்கிறவர்கள். பள்ளிக்கூடம், அடுக்குமாடி வீடு, தொழிற்சாலை என்று யார் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாலும், இது குடிக்கிற தண்ணீரா இல்லையா என்று எழுதிக் கொடுப்போம். கிருமிக்கான சோதனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீரை மெல்லிய தாள் வழியாக வடிகட்டி, அந்தத் தாளை உள்ளங்கை அகலத் தட்டில் வைத்து, ஒரு நாள் முழுக்க இன்குபேட்டர் சூட்டில் விட்டால், கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். புள்ளிகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஒரே தண்ணீருக்கு இரண்டு தட்டு வைப்போம். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்று. சைபர் என்றால் குடிக்கலாம். ஒன்று இருந்தாலே கூடாது. முப்பத்தொன்று என்றால் எங்கேயோ ஒரு சாக்கடை அந்தத் தொட்டிக்குள் எட்டிப்பார்க்கிறது என்று அர்த்தம்.

முத்தக்காவின் பெயர் முத்து இல்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் வந்த பெயர். பத்தொன்பது வருடமாக எங்கள் சோதனைக்கூடத்தில் இருக்கிறார். தட்டைப் பார்த்து எண்ணுகிறவர்கள் கையில் கிடைத்த சீட்டில் பென்சிலால் குறித்துக் கொடுப்பார்கள். மாலை நான்கு மணிக்கு முத்தக்கா எல்லாச் சீட்டையும் கிளிப்பில் கோத்து வைத்துக்கொண்டு, அளவுகோலால் சிவப்புக் கோடு கிழித்து, நீல மையில் பெரிய பதிவேட்டில் ஏற்றுவார். ஏற்றியதும் சீட்டுகள் கூடைக்குப் போகும். பதிவேட்டிலிருந்து அறிக்கை தட்டச்சாகும். அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவேன். யாராவது புதிதாக வந்தால் எங்கள் முதலாளி, நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், முதலில் காட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு அடித்தல் திருத்தல் காட்டுங்கள் பார்ப்போம் என்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் முதல் நாள் பிளந்தேன்.

சீட்டை முத்தக்காவின் முன்னால் வைத்தேன்.

"அக்கா, இந்த முப்பத்தொண்ணு எங்க போச்சு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. "இதுவா. இது அழுக்குப் பட்ட தட்டும்மா. ரெண்டும் ஒரே தண்ணிதானே? ஒண்ணு சைபர்னா இன்னொண்ணு மட்டும் எப்படி முப்பத்தொண்ணு ஆகும்?"

"அதை முடிவு பண்ணது யாரு?"

"முடிவெல்லாம் என்ன. பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன், அசிங்கமா இருந்துச்சு."

அந்த ஒரு சொல் எனக்குள் எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு செய்திருந்தால் எனக்கு வந்திருக்கும் கோபம் வேறு மாதிரி இருந்திருக்கும்; அதைக் கொட்டி ஆற்றிக்கொள்ள முடியும். இது அப்படி இல்லை. அசிங்கமாக இருந்ததாம். இரண்டு எண்கள் முகம் திருப்பிக்கொண்டு நின்றன, சமாதானம் செய்து வைத்தேன் என்கிற மாதிரி சொன்னார். பொறுமையாகக் கேட்டேன், இதுபோல் எத்தனை முறை என்று. எப்போதாவதுதான் என்றார். வாரத்துக்கு எத்தனை எப்போதாவது என்றேன். அதற்கு அவர், எண்ணி வைக்கவில்லையே என்றார். எண்ணுவதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ரஃப் நோட்டு ஒன்று, ஃபேர் நோட்டு ஒன்று. ரஃப் நோட்டுக்குப் பழைய செய்தித்தாள் அட்டை. ஃபேர் நோட்டுக்குப் புதிய பழுப்புத்தாள். அறிவியல் வாத்தியார் ஃபேர் நோட்டில் ஒரு அடித்தலைக் கண்டால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டார், அந்தப் பாடத்தையே கிழிப்பார். பன்னிரண்டாம் வகுப்பில் ஊசல் சோதனை செய்தோம். சோதனை என்றால், முந்தின வருடத்து அக்கா ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டை வாங்கி எழுதினோம். நாற்பத்திரண்டு பேரின் ஊசலும் ஒரே மாதிரி, இரண்டாம் தசமம் வரை பிசகாமல் ஆடியிருந்தது. வாத்தியார் நாற்பத்திரண்டு நோட்டிலும் 'நன்று' போட்டார். எனக்கு மட்டும் 'மிக நன்று'. என் கோடுகள் நேராக இருந்தன.

அந்த மிக நன்றோடுதான் இருபத்து மூன்று வயதில் வெளிநாட்டில் படிக்க விமானம் ஏறினேன். அங்கே முதல் பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை எல்லாம் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, ஜன்னல் திறக்காத என் அறைக்கு வந்து, இரண்டு பேனா, ஒரு அளவுகோல் வைத்து நோட்டில் அழகாக ஏற்றுவேன். சீட்டை எறிந்துவிடுவேன். ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணிக்கு ஒட்ட வெட்டிய தலைமுடி, அதைவிட ஒட்ட வெட்டிய பேச்சு. நான் மனசுக்குள் வைத்த பெயர் கத்தரி. கத்தரி ஒருநாள் என் நோட்டைப் புரட்டிவிட்டு, கருவியைப் பார்த்துக்கொண்டே எழுதிய தாள் எங்கே என்று கேட்டாள். அது அசிங்கமாக இருந்தது, எறிந்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஒன்பது நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது, இந்த அறைக்கு இத்தனை மணிக்கு வரவும் என்று. கதவைத் திறக்கிற வரைக்கும் பரிசு ஏதோ தரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே மூன்று பேர், ஒரு ஜாடித் தண்ணீர், நான்கு டம்ளர். இந்த எண்கள் நீ கற்பனை செய்தவை இல்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் இரண்டு இடத்தில் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தித்தான் எழுதியிருந்தேன். ஏமாற்ற இல்லை. பக்கத்து எண்களோடு ஒட்டவில்லை, அதனால்.

அந்தப் பருவத்து ஆய்வு மதிப்பெண் சைபர். மறுபடி முதலிலிருந்து. என் கோப்பில் ஒரு கடிதம். அதற்குப் பிறகு படிப்பு முடிகிற வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கத்தரி என் நோட்டை வாங்கிப் பார்ப்பாள். தப்பாக எழுதினால் ஒரே கோட்டால் அடித்து, அடித்தது படிக்கத் தெரிகிற மாதிரி விட்டு, பக்கத்தில் சரியானதையும் தேதியையும் சுருக்கொப்பத்தையும் போட வேண்டும். என் நோட்டு கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி ஆனது. அவள் ஒருநாளும் நன்று என்று சொல்லவில்லை. ஒருநாளும் சிரிக்கவில்லை. நான் அவளை மன்னிக்கவும் இல்லை. வீட்டுக்கு ஒவ்வொரு ஞாயிறும் கடிதம் எழுதுவேன். போனில் பேசினால் நாலு பேருக்கு வாசித்துக் காட்ட முடியாது என்று அப்பா கடிதம்தான் வேண்டும் என்பார். எண் போட்டு எழுதுவேன். ஒன்று, நலம். இரண்டு, சாப்பாடு பழகிவிட்டது. அந்த மூன்று பேர் கூப்பிட்ட வாரம் மூன்றாவது எண்ணில், ஆய்வுக்கூடப் பெரியவர்கள் மூன்று பேர் என்னைத் தனியாக அழைத்து என் நோட்டைப் பார்த்தார்கள் என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்பா அதை டீக்கடையில் வாசித்து, மூணு பேர் கூப்பிட்டுப் பாத்திருக்காங்கன்னா சும்மாவா என்று கேட்டாராம். நூற்றுநான்கு கடிதமும் அவரிடம் கோப்பாக இருக்கிறது. எதிலும் ஒரு அடித்தல் கிடையாது.

விடுதித் தட்டுகளை எண்ணிய பெண்ணை உள்ளே போய்க் கேட்டேன். முப்பத்தொன்றுதான், நம்பாமல் இரண்டு முறை எண்ணினேன், சீட்டில் எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு என் பொறுப்பு இல்லையே என்றாள். சரிதான். அந்தக் கட்டடத்தில் எல்லோருடைய பொறுப்பும் நான்கு மணிக்கு முத்தக்காவின் மேஜையில் முடிந்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு சாரின் அறைக்குப் போனேன். முத்தக்காவும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார். சார் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். சீட்டைப் பார்த்தார், பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார், நெற்றியைத் தடவிக்கொண்டார். ஒரு தட்டில் மட்டும் வந்திருப்பதால் அது கை பட்டதாகவும் இருக்கலாம் என்றார், இருக்கலாம்தான். உடனே ஆள் அனுப்பி மறுபடி தண்ணீர் எடுக்கச் சொல்லலாம், நாளை மதியம் முடிவு வந்துவிடும், வந்த பிறகு விடுதிக்குச் சொன்னால் போதும், நூற்று நாற்பது பெண்கள் இருக்கிற இடத்தில் வீணாகப் பீதியைக் கிளப்பக் கூடாது என்றார். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் காதில் விழுந்தது. நாளை மதியம் வரை அவர்கள் எதைக் குடிப்பார்கள் என்று கேட்டேன்.

"இத்தனை நாள் எதைக் குடிச்சாங்களோ அதைத்தான்."

"இத்தனை நாள் கேன் தண்ணி குடிச்சாங்க சார். தொட்டி கழுவி மூடி வெச்சிருந்தாங்க. நம்ம ரிப்போர்ட் வந்தப்புறம்தான் தொறப்போம்னு சொல்லியிருந்தாங்க."

அவர் பதிவேட்டை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரியப்பா தோரணையில், நான் அங்கே படித்துவிட்டு வந்தவள், அங்கே எல்லாம் நூல் பிடித்த மாதிரி நடக்கும், இங்கே ஊரோடு ஒத்துப் போக வேண்டும் என்றார். வாசல் பலகையில் என் பட்டத்தைப் போட்ட பிறகு எத்தனை புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள் என்று ஞாபகப்படுத்தினார். அந்தப் பலகைக்கு என் பேர் வேண்டும், என் வாய் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பிறகு முத்தக்கா பக்கம் திரும்பினேன். அதைத்தான் இப்போதும் நினைத்து நினைத்து எரிகிறேன். பொண்ணுங்க குடிக்கிற தண்ணியில கோலம் போட்டு விளையாடியிருக்கீங்க, உங்க கையெழுத்தை விரலோட வெட்டணும் என்றேன். என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர். சார் எழுந்தேவிட்டார்.

முத்தக்கா எழுத்து மாதிரியே பேசினார், ஒவ்வொரு சொல்லாக, கோடு தாண்டாமல்.

"நான் பன்னெண்டாவது படிச்சவ. எனக்கு இது தப்புன்னு யாரும் சொல்லலை, பாராட்டினாங்க. நீ தெரிஞ்சவ. ஆறு மாசமா எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தே, நான் சீட்டைக் கூடையில போடறதை. ஒருநாள் கேட்டிருந்தா தரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

ஆறு மாதம் என்றால் நூற்றைம்பது வேலை நாள். நூற்றைம்பது முறை நான்கு மணி ஆகியிருக்கிறது. அந்தக் கிளிப், அந்த அளவுகோல், கடைசியில் சீட்டுகளைக் கசக்குகிற சத்தம், எல்லாம் ஒரு முழ தூரத்தில் நடந்தது. எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது திருப்பிக் கேட்டிருப்பார்கள். அந்த அறையைப் பற்றி, அந்த மூன்று பேரைப் பற்றி, கோப்பில் இருக்கிற கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்திருக்கும். வேலைக்கு எடுத்த அன்று, அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று சார் கேட்டபோது நான்கு கருவிகளின் பெயரைச் சொன்னேன். அதில் இரண்டு இங்கே இல்லவே இல்லை. நான் அங்கே கற்றது ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பழுப்புத்தாள் அட்டை போட்டு, பட்டத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கத்தரி வெட்டியும் என் பழைய புத்தியின் வால் ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கோபம் அப்போதும் குறையவில்லை. ஆனால் இடம் மாறிவிட்டது. எதிரே நிற்கிற அந்த அம்மாளிடம் பாதியும் என்னிடம் மீதியுமாகப் பிரிந்து நின்றது.

சாரின் மேஜையில் இருந்த போனையே எடுத்தேன். அவர் கையை நீட்டினார், பிடுங்கவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டார். பதிவேட்டில் இருந்த விடுதி எண்ணை அழுத்தினேன். வார்டன் எடுத்ததும், சோதனைக்கூடத்திலிருந்து பேசுகிறேன், செவ்வாய்க்கிழமை அறிக்கை தவறு, கையெழுத்துப் போட்டது நான், தொட்டித் தண்ணீரை யாரும் வாயில் வைக்க வேண்டாம், சமையலுக்கும் வேண்டாம், இப்போதே மூடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நேற்றே திறந்துவிட்டோமே என்றார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. யாரிடமோ பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"காலையிலேருந்து ரெண்டு பொண்ணுங்க வாந்தி. பரீட்சை பயம்னு நெனச்சு, நிறைய தண்ணி குடிங்கன்னு நான்தான் சொன்னேன்."

சாருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் கார் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. மாதிரி எடுக்கிற பெட்டியை முத்தக்கா ஏற்கெனவே தூக்கியிருந்தார். அவர் வெளியே போய் மாதிரி எடுத்துப் பல வருடம் இருக்கும். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பின் இருக்கையில் நானும் அவரும், நடுவில் பெட்டி. விடுதிக்கு இருபது நிமிடம். சிக்னலில் நிற்கும்போது சார் கண்ணாடியில் என்னைப் பார்த்து, நாளைக்குப் பேசலாம் என்றார். என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. முத்தக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, மடியில் வைத்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

விடுதி வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அதற்குள் ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் வாளி, தலை தோழியின் தோளில். பதினெட்டு வயது இருக்கலாம். வார்டன் ஏறி உட்காரும்போது என்னைக் காட்டி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். எனக்குத் திட்டு வேண்டியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி முந்தின ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று வார்டன் சொல்ல, ஆட்டோ கிளம்பியது.

உள்ளே காவலாளி தொட்டியின் அடி வால்வை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார். பன்னிரண்டாயிரம் லிட்டர். மாதிரி எடுக்கும் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கலாம் என்று சார் முணுமுணுத்தார். இன்னும் நிறைய இருக்கிறது என்றேன். குழாய் வாயிலிருந்து தண்ணீர் வளைந்து விழுந்து, முற்றம் முழுக்கப் பரவி, படிக்கட்டின் முதல் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் படிகளிலும் மாடி வராந்தாவிலும் கூட்டமாக நின்று எங்களைப் பார்த்தார்கள். முத்தக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். கணுக்கால் அளவு. நாற்றம் இல்லை, நிறம் இல்லை, ஒரு தூசி இல்லை. அடியில் கிடந்த சின்னச் சின்னக் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. முத்தக்கா பாதி வழியில் நின்று, குனிந்து, தன் காலையே பார்த்தபடி இருந்தார். உச்சி வெயில். படியில் நின்றவர்களில் பின்னல் அவிழ்ந்த ஒருத்தி, யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே கீழே இறங்கி, குழாய்ப் பக்கம் வந்து, முகம் கழுவவோ குடிக்கவோ, இரண்டு கைகளையும் சேர்த்துத் தண்ணீருக்கு நீட்டினாள். முத்தக்கா பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். தண்ணீர் தெறிக்க, புடவை கனக்க, கையை உயர்த்திக்கொண்டு, குரல் வராமல்.